நாலைந்து கட்டை ஓடியதும் மறையும் நடுக்கம்

காலையில் வாகனத்தை எடுக்கிறோம். வீதிக்கு ஏறி வேகம் கூடியதும் இருக்கைக்குக் கீழே ஓர் உதறல். ஸ்ரியறிங்கும் கையில் நடுங்குகிறது. கராஜில் காட்டிவிடுவோம் என்று எண்ணி அந்தப் பக்கமே ஓட்டுகிறோம். நாலைந்து கட்டை போவதற்குள் உதறல் மெல்லக் குறைந்து, கராஜ் வாசலில் போய் நிற்கும்போது ஒன்றுமே இல்லை. மெக்கானிக் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு எம்மைத்தான் ஒருமாதிரிப் பார்க்கிறார். மறுநாள் காலை மீண்டும் அதே உதறல்.

பங்குகளிலும் கிராம நிலையங்களிலும் ஒரேயொரு வானையோ பழைய ஜீப்பையோ வைத்துக்கொண்டு எல்லாத் தேவைகளையும் சமாளிக்கும் எம் போன்றோருக்கு இது பழக்கமான தொல்லை. இதில் இரண்டு விதமாகத் தவறு நேர்வதுண்டு. தேவையில்லாத பாகங்களை மாற்றிப் பணத்தைக் கொட்டுவது ஒன்று. "அது தானாய்ப் போய்விடும்" என்று சொல்லி, போகாத நோயையும் சும்மா விட்டுவிடுவது மற்றொன்று. நாம் இரண்டையும் பட்டறிந்தோம்.

ஓட ஓட மறையும் நடுக்கத்துக்கு மிகப் பொதுவான காரணம் ரயர்தான். ரயர் என்பது வெறும் இறப்பர் அல்ல. அதனுள்ளே நூல் அடுக்குகள் இருக்கின்றன. லொறி, ட்ரக்டர் பெட்டி போன்றவற்றின் ரயர்களில் நெடுங்காலமாக நைலோன் நூலே பாவனையில் இருந்து வருகிறது. இன்றைய வான், கார்களின் ரேடியல் ரயர்களில் உடற்பகுதி பெரும்பாலும் பொலியெஸ்ரர் நூலால் ஆனது. ஆயினும் அவற்றிலும் உருக்குப் பட்டிகளுக்கு மேல் நைலோன் அடுக்கு வைக்கப்பட்டவை பல உண்டு. நைலோனுக்கு ஒரு குணம். ஏறக்குறைய 50 பாகை செல்சியஸ் சூட்டில் அது இளகி வளைந்து கொடுக்கும். குளிர்ந்ததும் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே இறுகும். நைலோன் சேலையைச் சூடான அழுத்தியால் மடித்து அழுத்தினால் அந்த மடிப்பு ஆறியபின் அப்படியே நிற்பது இதனால்தான்.

ஓடி வந்து நிற்கும் வாகனத்தின் ரயர் சூடாக இருக்கும். நிலத்தில் படிந்திருக்கும் பகுதி பாரத்தால் தட்டையாகி, அந்த நிலையிலேயே இரவு முழுவதும் ஆறி இறுகும். காலையில் சில்லு உருளும்போது அந்தத் தட்டை ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நிலத்தில் அடிக்கும். ரயரின் சுற்றளவு இரண்டு மீற்றர் என்றால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு எட்டுத் தடவை அது அடிக்கும். இதுதான் நாம் உணரும் உதறல். ஓடும்போது ரயர் மீண்டும் சூடாகி நூல் இளகித் தன் வட்டத்துக்கு வந்துவிடும். பாயில் ஒருக்களித்துப் படுத்தவரின் கன்னத்தில் பாய்த்தடம் பதிந்து, எழும்பிச் சிறிது நேரத்தில் மறைவது போலத்தான். இதனாலேயே நுவரெலியா, ஹற்றன் பக்கத்துக் குளிர் இரவுகளில் இது கூடுதலாகத் தெரியும்.

காற்றுக் குறைந்தால் நிலைமை மோசமாகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வானின் நிறை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சில்லில் 500 கிலோ, அதாவது 1,100 இறாத்தல். ரயரில் சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல் காற்று இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்க ஏறக்குறைய 30 சதுர அங்குலம் நிலத்தில் படியும். காற்று 20 இறாத்தலுக்கு இறங்கிவிட்டால் 55 சதுர அங்குலம் படியும். தட்டையும் அந்த அளவுக்குப் பெரிதாகும்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது எமது நிலையத்தின் வான் ஆறு வாரம் ஒரே இடத்தில் நின்றது. கியூஆர் முறை வந்து டீசல் கிடைத்ததும் எடுத்து ஓடினால், வான் முழுவதும் ஆடியது. ஒரு கராஜில் முன் ரயர்கள் இரண்டையும் மாற்றவும், ஸ்ரியறிங் மூட்டுகளைப் புதிதாகப் போடவும் சொன்னார்கள். அந்த நேரத்து விலையில் அது எமது நிலையத்தின் ஒரு மாதச் செலவை மிஞ்சியது. பணம் இல்லாதபடியால் தப்பினோம் என்றுதான் சொல்ல வேண்டும். அயலிலுள்ள வயதான லொறிச் சாரதி ஒருவர், "காத்தைச் சரியா அடிச்சுப்போட்டு, பாரம் ஏத்தாமல் ஒரு இருபது கட்டை ஓடிப்போட்டு வாங்கோ" என்றார். முதல் நாள் பாதி குறைந்தது. மூன்றாம் நாள் முற்றாக நின்றது. ஓர் இரவில் விழும் தட்டை சில கட்டைகளில் போய்விடும். வாரக்கணக்கில் நின்றதால் விழுந்தது போக நாட்கள் எடுக்கும். மாதக்கணக்கில், அதுவும் காற்றில்லாமல் நின்றிருந்தால், போகாமலே விடவும் கூடும். அப்போது ரயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. 

இது ரயர்த் தட்டைதானா என்று உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. மாலையில் பத்துப் பதினைந்து கட்டை ஓடி, ரயர் சூடாக இருக்கும்போதே முன் சில்லுகள் இரண்டையும் நிலத்தில் படாமல் உயர்த்தி விடுங்கள். ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். உறுதியான தாங்கியோ மரக்குற்றியோ வைத்து, பின்சில்லுகளுக்கு அணை கொடுத்து, சிறுவர்கள் அண்டாத இடத்தில் இரவு முழுவதும் விடுங்கள். காலையில் இறக்கி உடனே ஓடுங்கள். ஸ்ரியறிங் நடுக்கம் இல்லையென்றால் நோய் தட்டைதான். பின்பக்கத்தில் உதறல் என்றால் மறுநாள் பின்சில்லுகளுக்கு இதையே செய்யலாம்.

ஓட ஓட மறைவது எல்லாமே தட்டை என்று எண்ணிவிடவும் கூடாது. மாரியில் சேற்றுப் பாதையால் வந்த வாகனத்தின் றிம்மின் உட்பக்கத்தில் சேறு அப்பி, இரவில் காய்ந்து கட்டியாகிவிடும். ஒரு பக்கத்தில் கைப்பிடி அளவு சேறு இருந்தாலே சில்லு நிறை தவறி உதறும். ஓடும்போது கட்டி உடைந்து விழ, உதறலும் நின்றுவிடும். இதற்கு மருந்து ஒரு வாளி தண்ணீரும் ஒரு குச்சியும். சில வேளைகளில் நடுக்கம் எஞ்சினிலிருந்து வரும். குளிரில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல், சூடானதும் சரியாகும். இதை அறிவது சுலபம்: வாகனம் நின்றபடியே நடுங்கினால் அது ரயரால் அல்ல. ஓடும்போது சந்தேகம் வந்தால், சமதரையான வெறும் வீதியில் ஒரு கணம் நியூட்ரலில் போட்டு உருள விடுங்கள். எஞ்சின் வேகம் இறங்கியும் உதறல் அப்படியே தொடர்ந்தால் கோளாறு சில்லுப் பக்கத்தில். எஞ்சினை நிறுத்தி இச்சோதனையைச் செய்யக் கூடாது. பிறேக்கும் ஸ்ரியறிங்கும் இறுகிவிடும்.

எப்போது ஓடினாலும் குறித்த ஒரு வேகத்தில் மட்டும் வந்து போவது பெரும்பாலும் சில்லின் நிறைச் சமநிலைக் கோளாறு. பிறேக் பிடிக்கும்போது மட்டும் வருவது பிறேக்கின் கோளாறு. இவை ஓட ஓடத் தீர்வதில்லை.

நாம் பயப்பட வேண்டியது ஓட ஓடக் கூடும் நடுக்கத்துக்கு. சில்லு நட்டுகள் தளர்ந்திருக்கலாம், பெயரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ரயரின் உள்ளே உருக்குப் பட்டி பிரிந்து கொண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னது மிகவும் ஏமாற்றும். பட்டி பிரிந்த ரயர் மெதுவாக ஓடும்போதுதான் வாகனத்தைப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டும். வேகம் கூடினால் ஆட்டம் அவ்வளவாகத் தெரியாமலும் போகலாம்.

எமக்கு நேர்ந்தது இதுதான். 2022ஆம் ஆண்டுப் பாடத்தைப் படித்துவிட்டோம் என்ற எண்ணத்தில் இருந்த எமக்கு, இரண்டு வருடங்களின் பின் வானில் மீண்டும் ஆட்டம் கண்டது. "ஒண்டுமில்லை சிஸ்ரர், நாலு கட்டை போனால் தானாய் நிண்டுடும்" என்றார் எமது சாரதி. அவர் சொன்னபடியே, ஒழுங்கை முடிந்து கார்ப்பெற் வீதியில் ஏறியதும் ஆட்டம் குறைந்தது. ஆனால் முப்பது கட்டை ஓடித் திரும்பி, மீண்டும் ஒழுங்கையில் மெதுவாக வரும்போது அது முன்னையிலும் கூடுதலாக ஆடியது. ரயர் நன்றாகச் சூடேறியிருந்த நேரம் அது. தட்டை என்றால் அப்போது இருந்திருக்கக் கூடாது. காலையில் குறைந்தது ஓடியதால் அல்ல, வேகம் மாறியதால்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. சில்லைக் கழற்றிப் பார்த்தோம். இடது முன் ரயரின் உட்பக்க ஓரத்தில், வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு வீக்கம். மறுநாள் விடிய மூன்று கர்ப்பிணித் தாய்மாரை அந்த வானில்தான் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதாக இருந்தது.

ஆகவே தட்டையா அல்லவா என்று பார்ப்பவர், புறப்படும்போதும் சூடேறிய பின்னும் ஒரே வீதியில் ஒரே வேகத்தில் ஓடி ஒப்பிட வேண்டும். மெதுவாக ஓடியும் ஒருமுறை பார்க்க வேண்டும். சூட்டிலும் ஆட்டம் இருந்தால் வாகனத்தை நிறுத்தி, நட்டுகளை இறுக்கிப் பார்த்து, ரயரைச் சுற்றிலும் உட்பக்கமும் பாருங்கள். வெறும் கையால் தடவ வேண்டாம். உருக்குக் கம்பி வெளியே வந்திருந்தால் கையைக் கிழித்துவிடும்.

அந்த ரயரில் பூ இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. பூ இருந்தால் ரயர் நல்லது என்றே நாமும் எண்ணியிருந்தோம். ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். அதில் 1114 என்று இருந்தது. 2014ஆம் ஆண்டின் பதினோராம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். பத்து வருட வெயிலில் இறப்பர் காய்ந்துவிட்டிருந்தது. பாவித்த ரயர் வாங்குவோர் விலை பேசுமுன் இந்த இலக்கத்தைப் பார்ப்பது நல்லது. சில ரயர்களில் அது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். குனிந்து உட்பக்கமும் தேட வேண்டும்.

நீண்ட நாள் நிற்கப்போகும் வாகனத்தின் பாரத்தை முதலில் இறக்குங்கள். நெல் மூட்டைகளோடு ட்ரக்டர் பெட்டியை நாட்கணக்கில் நிறுத்தி வைப்பது ரயருக்குக் கேடு. வழமையிலும் ஐந்து இறாத்தல் கூட்டிக் காற்று அடியுங்கள். ரயரில் குறித்துள்ள ஆகக் கூடிய அளவைத் தாண்டக் கூடாது, ஓடுமுன் குறைத்துவிடவும் வேண்டும். எண்ணெய் சிந்திய தரையையும் வெயிலையும் தவிருங்கள். மாதக்கணக்கில் நிற்கும் என்றால் நான்கு பக்கமும் குற்றி வைத்து உயர்த்துவதே மேல். 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் அப்படிச் செய்து கார்களைக் காப்பாற்றியவர்கள் உண்டு.

இப்போது எமது வான் ஓட்டமில்லாத வாரங்களில், வெள்ளிக்கிழமை மாலைகளில் அதைப் பத்துக் கட்டை ஓடவிடுகிறோம். டீசல் இல்லையென்றால் இரண்டு பேராகத் தள்ளி அரைச் சுற்று உருட்டி விடுகிறோம். நிலத்தில் பட்டிருந்த இடத்துக்கு நேரே ரயரின் பக்கத்தில் சாரதி வெண்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார். உருட்டியபின் அந்தக் கோடு மேலே வந்திருக்க வேண்டும்.