பட்டு நூலும் நமது வாலிபர்களும்

சம்புவராயரின் தலைநகராய் விளங்கிய படவேட்டையும் அதனையடுத்த ஆரணிச் சீமையையும் அறிந்தோர், அங்கே பட்டுத்தறி எத்தனை குடும்பங்களுக்குச் சோறிடுகிறது என்பதை அறிவர். சேலை நமது, நெய்யும் கை நமது. நூலோ? கச்சாப் பட்டு உற்பத்தியில் சீனா முதலிடத்திலும் நமது தேசம் இரண்டாமிடத்திலும் நிற்கின்றன. எனினும் நமது நூல் நமக்கே போதாமல் சீன நூல் இறக்குமதியாகிறது. கூட்டிலிருந்து நூலெடுக்கும், தானே இயங்கும் யந்திரங்களையும் அங்கிருந்தே தருவிக்கிறோம்.

இதற்காக ஆத்திரங்கொள்வதால் பயனில்லை. உலகுக்குப் பட்டை அளித்த சீனாவே, பின்தங்கியபோது பிறரிடம் கற்க வெட்கப்படவில்லை. 1897-இல் ஹாங்சௌ நகரில் பட்டுத்தொழிற் கல்விக்கூடம் தோன்றிற்று. ஃபெய் தாஷெங் என்னும் பெண்மணி ஜப்பானில் பயின்று 1923-இல் திரும்பினார். 1929-இல் கைஷியன்கோங் கிராமத்தில் குடியானவர்களின் கூட்டுறவுப் பட்டாலை அமையத் துணைநின்றார். பட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை.

நமது இஞ்சினீயரிங் மாணாக்கர்க்கும் இதுவே வழி. புறப்படுமுன் ஓராண்டேனும் சீன மொழி பயிலவேண்டும். மொழியறியாதவன் தொழிற்சாலையில் ஊமையே. ஹாங்சௌ கல்விக்கூடம் இன்று சர்வகலாசாலையாய் வளர்ந்திருக்கிறது. அத்தகைய இடங்களில் பாடங்கேட்டு, பின் யந்திரசாலைகளில் சில ஆண்டுகள் வேலை செய்து, யந்திரத்தைப் பிரிக்கவும் பூட்டவும் புதிதாய்ச் செய்யவும் கற்றுத் திரும்புவார்களாக.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இச்செலவு தாங்காது. சர்க்காரும் கூட்டுறவுச் சங்கங்களும் உபகாரச் சம்பளம் அளிப்பது கடமையாகும். ஊர் திரும்பி உழைப்பதென்ற உறுதியையும் பெற்றுக்கொள்ளலாம். யந்திரத்தை வாங்குவோர் என்றும் வாடிக்கைக்காரரே. வித்தையை வாங்கி வருவோரே தொழிலுக்கு உடையவராவர். தேசத் தொண்டர்கள் இக்கோரிக்கையை ஊர்தோறும் எழுப்ப வேண்டுகிறோம்.