அகன்ற பார்வை

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் திருச்சுற்றில், புதிதாகப் பொருத்திய 24 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸுடன் காமிராவை உயர்த்துபவருக்கு, வழக்கமான 50 மில்லிமீட்டர் லென்ஸில் அதே இடத்திலிருந்து அடங்க மறுத்த விமானம், அதிஷ்டானம் முதல் கலசம் வரை, ஒரே சட்டத்துக்குள் வந்து அமர்வது பேரானந்தமாகும். மூலைக்கு மூலை அளந்தால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் காண்பது ஏறத்தாழ 47 டிகிரி. அகலக்கோண லென்ஸோ 84 டிகிரியைத் தன்வசமாக்குகிறது.

ஆயினும் காமிராவை மேல்நோக்கிச் சாய்த்த கணமே, செங்குத்தான சுவர்க்கோடுகள் ஒன்றையொன்று நாடிக் குவிய, இயல்பாகவே கூம்பிச் செல்லும் விமானம் மேலும் ஒடுங்கிப் பின்புறம் சரிவதுபோல் தோன்றும். இது லென்ஸின் தோஷமன்று, பிலிம் தளம் கட்டடத்துக்குச் சமாந்தரமாக இல்லாமையின் விளைவே. காமிராவை மட்டமாகப் பிடித்து, போதிய அளவு பின்னகர்ந்து, முன்புறம் மிகுதியாக விழும் கற்றளத்தைப் பின்னர் வெட்டி நீக்குவதே உத்தமமான உபாயம் என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே கண்ணாடி எழுந்து தாழும் ரிஃப்ளெக்ஸ் காமிராவில், பிலிமை நெருங்கி அமரவேண்டிய இத்தகைய லென்ஸுக்கு இடமில்லாதிருந்த தடையை, முன்புறம் ஒளியை விரிக்கும் வில்லைகளை அமைத்து 1950-இல் நீக்கிய பிரான்ஸ் தேசத்துப் பியேர் ஆன்ஜெனியூவுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அகலக்கோண லென்ஸில் படமெடுக்கையில் இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும்: மனிதர்களைச் சட்டத்தின் ஓரத்தில் நிறுத்தலாகாது. முகங்கள் இழுபட்டு விகாரமடையும்.