பிள்ளையின் கையில் ஒரு குட்டி பஸ்

பாடசாலை விடுமுறை விட்டதும் வெள்ளவத்தை தொடர்மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் உம்மாமாருக்கு ஒரே கவலைதான். பிள்ளைகள் ஓடியாட இடமில்லை. வீட்டுக்குள் இருந்தாலோ கண் போனை விட்டு அகலாது.

சகோதரிகளே, ஒரு மேசை மூலையில் செய்யக்கூடிய பொழுதுபோக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் பிளாஸ்டிக் மொடல் வாகனம் பொருத்துவது. 1939இல் இங்கிலாந்தில் தொடங்கிய எயார்ஃபிக்ஸ் கம்பனி, 1949இல் பேர்கசன் டிரக்டர் ஒன்றைச் சிறு உருவில் செய்தது. இன்று ஜேர்மனியின் ரெவெல், ஜப்பானின் டாமியா பெட்டிகளும் பெயர் பெற்றவை. லண்டனில் ஓடி, பின்பு நம் நாட்டுக்கும் வந்த இரட்டைத் தட்டு பஸ்களை நினைவிருக்கிறதா? அந்த வகை பஸ்ஸும் மொடலாக வந்துள்ளது. பெட்டியில் 1/24 என்றிருந்தால், உண்மை வாகனத்தின் 24இல் ஒரு பங்கு என்று பொருள். எட்டரை மீற்றர் பஸ் சுமார் 35 சென்ரிமீற்றராகிவிடும்.

கருவிகள் வீட்டிலேயே உண்டு

பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி வரும். முதலில் சட்டத்தோடு இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் கழுவி உலர விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வர்ணம் பிடிக்காது. பாகங்களை முறுக்கிப் பிய்க்கக் கூடாது. சற்றுத் தள்ளி வெட்டி, மிஞ்சும் முனையை நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்துவிடலாம்.

பசை பூசுமுன் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பாருங்கள். மொடல் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பதால் பல்லுக்குச்சி நுனியளவு போதும். கூடினால் வழிந்து மேற்பரப்பைக் கெடுக்கும். இறுகும்வரை உடுப்புக் காயப்போடும் கிளிப்பாலோ றப்பர் வளையத்தாலோ பிடித்து வையுங்கள். கண்ணாடி ஜன்னல்களுக்கு வெள்ளைப் பசையே நல்லது. மற்றப் பசைகள் அவற்றை மங்கச் செய்துவிடும்.

வர்ணத்தை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின்பே அடுத்தது. கடற்கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். மழை நாளில் ஸ்ப்ரே அடித்தால் வெண்மை படரலாம். இலக்கத்தகடு, எழுத்துகளுக்கான ஒட்டுப்படங்களைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்தால் தாளிலிருந்து வழுகி வரும்.

கவனம் தேவை

பசைக்கும் ஸ்ப்ரேக்கும் ஆவி உண்டு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். கூரிய கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் சிறு பாகங்களை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக ஒன்று. சக்கரம் கோணலாகிவிட்டதென்று வாப்பாவோ நீங்களோ வாங்கி முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பசை காயும்வரை காத்திருப்பதும், பிழைத்ததைப் பிரித்து மறுபடி செய்வதும்தான் பிள்ளை இதில் கற்கும் பாடம். கோணல் சக்கரத்தோடு நின்றாலும் அது பிள்ளை தன் கையால் செய்த பஸ். அதை ஷோகேஸில் முன்வரிசையில் வையுங்கள்.