புராஸ்டேட் ஊசியும் கொரோனாவும்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் நம் சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இந்த ஊசி கொரோனாவிலிருந்து காக்குமா? அல்லது உடம்பைத் தளர்த்தி ஆபத்தைக் கூட்டுமா? படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இந்தப் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. அதை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று 1941-ல் காட்டிய அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஊசிகள் செய்வதும் அதே வேலைதான்.

2020-ல் கொரோனாவுக்குப் பெண்களைவிட ஆண்களே அதிகம் பலியானார்கள். வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் ஒரு நொதியை, புராஸ்டேட்டில் தூண்டுவது ஆண் ஹார்மோன். ஆகவே ஊசி போட்டவர்கள் தப்பிப்பார்களோ என்ற ஐயம் எழுந்தது. இத்தாலியின் வெனெட்டோ மாநிலக் கணக்கும் அதற்கு ஒத்து வந்தது. ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 5,273 புராஸ்டேட் நோயாளிகளில் 4 பேருக்குத்தான் கொரோனா. அச்சிகிச்சை பெறாத 37,161 பேரில் 114 பேருக்கு.

ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு ஒன்று தெரியும். பதிவேட்டைப் பார்த்து பிரேக்கை மெச்சுவது வேறு, வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்ப்பது வேறு. 4 என்பது மிகச் சிறிய எண். ஊசி போடுபவர்கள் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கலாம்.

ஓட்டியும் பார்த்தார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் கொரோனாவுடன் சேர்ந்த 96 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு டெகாரெலிக்ஸ் ஊசியும், மற்றவர்களுக்கு வெறும் ஊசியும் போட்டார்கள். 2022-ல் வெளியான முடிவில் இரு தரப்பிலும் நிலைமை மோசமானவர்கள் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர். ஸ்வீடனில் என்சாலுடமைடு மாத்திரை பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் படுக்கையில் கிடந்தார்கள், சோதனையையே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே ஊசியைக் கொரோனாவுக்குக் கவசமாக நம்ப வேண்டாம். பயந்து நிறுத்தவும் வேண்டாம். கீமோதெரபி போல வெள்ளணுக்களை வீழ்த்தும் மருந்தல்ல இது. ஊசியைத் தவறவிட்டால் ஹார்மோன் மறுபடி ஏறும், புற்றுநோயும் தலைதூக்கும்.

கவனிக்க வேண்டியது வேறு. நாளடைவில் இச்சிகிச்சை எடையையும் சர்க்கரையையும் கூட்டலாம், இதயத்தையும் பாதிக்கலாம். கொரோனாவைக் கடுமையாக்குபவை இவைதான். நடைப்பயிற்சி, சர்க்கரைப் பரிசோதனை, மருத்துவர் சொல்லும் தடுப்பூசி இவற்றை விடாதீர்கள். ஊருக்குப் போனால் ஊசியின் பெயரும் அடுத்த தேதியும் எழுதிய சீட்டு பையில் இருக்கட்டும். அந்தத் தேதி பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.