அரைப் பவுனில் ஒரு போர்

ஹனூரில் நகைப் பட்டறை வைத்திருப்பவன் நான். பழங்காசு கைக்கு வந்தால் முதலில் எடை, பிறகு மாற்று, கடைசியில்தான் படம். அடித்த ராஜாக்களுக்கோ படம்தான் பெரிது.

எங்கள் ஊரிலிருந்து கொள்ளேகால் போய் பஸ் மாறினால் தலக்காடு. சோழர்கள் அதை ராஜராஜபுரம் ஆக்கி வைத்திருந்தார்கள். சுமார் 1116இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதைப் பிடித்தான். ஊரூராகத் தமுக்கடிப்பதை விடக் காசு அடிப்பது மேல் என்று நினைத்தான் போலும். ஒரு பக்கம் சிங்கம், அதன் மேலே சிறிதாக இன்னொரு சிங்கம், சூரிய சந்திரர். மறுபக்கம் கன்னடத்தில் மூன்று வரியில் ‘ஸ்ரீ தலகாடுகொண்ட’. எடை சுமார் 4 கிராம், அதாவது அரைப் பவுன். தோற்ற சோழர்கள் மட்டும் இளைத்தவர்களா? தங்கள் புலியோடு பாண்டியன் மீனையும் சேரன் வில்லையும் ஒரே காசில் பொறித்தவர்கள்தானே!

சாமி படத்தின் கதை வேறு. அதைப் பக்தி என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. விஜயநகரத்து இரண்டாம் ஹரிஹரர் காசில் உமாமகேசுவரர் அமர்ந்தார். இக்கேரி நாயக்கர்கள் அதே சிவபார்வதியைத் தங்கள் வராகனில் வைத்தார்கள். 1763இல் அவர்களிடமிருந்து பிதனூரைப் பிடித்த ஹைதர் அலி, முன்பக்கத்தில் கைவைக்கவே இல்லை. சிவபார்வதி அப்படியே இருக்க, பின்பக்கம் தன் பெயரின் முதல் எழுத்தைப் பாரசீக வடிவில் பதித்தார், அவ்வளவுதான். தொழில்காரன் கண்ணுக்கு இது துல்லியமாகப் புரியும். 916 முத்திரை இல்லாத வளையலை இன்று என் கடையில் யார் வாங்குவார்கள்? சந்தைக்குப் பழகிய முகத்தை மாற்றினால் வியாபாரி காசைத் திரும்பத் திரும்ப உரசிப் பார்ப்பான்.

மகன் திப்பு துணிந்து மாற்றினார். பொன்னிலும் வெள்ளியிலும் உருவம் போய் எழுத்து வந்தது. வெள்ளி ரூபாய்க்கு இமாமி என்று பெயர். செம்பில் மட்டும் யானை நடந்தது.

1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் வராகனில் சிவபார்வதி மறுபடி வந்தார்கள். பின்பக்கம் நாகரியில் ‘ஸ்ரீ கிருஷ்ணராஜ’. செப்புக் காசில் யானையை அவரும் விடவில்லை.