கிளைக்குத் திரும்பும் பறவை

அறுவை முடிந்து வீடு திரும்பியவர்க்கும், அவரைப் பேணும் உறவினர்க்கும் பகற்பொழுது மிக நீண்டது. அப்பொழுதில் இருவரும் சேர்ந்து பழகத்தக்க ஒரு கலையைப் பரிந்துரைக்கிறோம்: பறக்கும் பறவைகளைப் படம் பிடித்தல். காடு மேடெல்லாம் அலைய வேண்டியதில்லை. சாளரத்தருகே ஒரு நாற்காலியும் கையில் ஒரு கேமராவோ கைப்பேசியோ இருந்தால் தொடங்கலாம்.

ஆவூருக்கு அண்மையிலுள்ள விராலிமலை மயில்களுக்குப் பெயர் பெற்றது. பருவமழையில் கண்மாய்கள் நிறைந்தால் கொக்கும் நீர்க்காகமும் வந்திறங்கும். ஆயினும் புதிதாய்ப் பழகுவோர் முதலில் கரிச்சானையும் பஞ்சுருட்டானையும் தேடுவது நலம். மின்கம்பியிலோ பட்ட கிளையிலோ அமர்ந்திருக்கும் இவை, பூச்சியைக் கண்டதும் பாய்ந்து பிடித்துப் பெரும்பாலும் அமர்ந்த இடத்திற்கே திரும்பும். அவ்விடத்தை அறிந்து காத்திருந்தால் போதும்.

குவியம்

பறவை திரும்பும் கிளையின்மீது குவியத்தை முன்னரே அமைத்துக்கொள்க. பெரும்பாலான கைப்பேசிகளில் திரையில் அவ்விடத்தைச் சற்று நேரம் அழுத்தினால் குவியம் நிலைத்துவிடும். கேமராவாயின் தொடர் குவியத்தையும் தொடர் படப்பிடிப்பையும் தேர்ந்தெடுத்து, ஷட்டர் வேகத்தை நொடியில் 1/1000 முதல் 1/2000 வரை வைக்கலாம். கண் தெளிவாக அமைந்தால், சிறகு நுனி சற்றுக் கலங்கினும் படம் உயிருடன் விளங்கும்.

சட்டகம்

பறவை செல்லும் திசையில் வெற்றிடம் மிகுதியாக இருக்கட்டும்; அது பறந்து செல்ல வழி வேண்டுமல்லவா? பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே மேலெழும். ஆகவே காற்றும் வெயிலும் நம் முதுகுப்புறம் இருந்தால், பறவை ஒளி படிந்த முகத்துடன் நம்மை நோக்கி வரும். வெளிறிய வானத்தின் முன் பறவை கறுத்துத் தெரியுமாயின் ஒளியளவைச் சிறிது கூட்டுக. வெண்கொக்கு வெளுத்துப் போனால் குறைக்க.

இருவர் பணி

கேமராவைத் தூக்க இயலாதவரும் இதில் பங்கு பெறலாம். எழுமுன் பல பறவைகள் உடலைத் தாழ்த்தி முன்சாயும். நாள்தோறும் சாளரத்தருகே இருப்பவர் அக்குறிப்பை விரைவில் கற்றுக்கொள்வார். அவர் 'இப்போது' என்று சொல்ல, மற்றவர் படமெடுக்கலாம். நாளெல்லாம் பிறர் சொற்படி நடக்க நேர்ந்தவர், அந்தச் சிறு பொழுதில் வழிகாட்டியாகிறார்.

கறுப்பு வெள்ளைப் படங்களால் காட்டுயிர்களை நமக்கு அறிமுகப்படுத்திய மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்த கேமராவைக் கையாண்டார். விலங்கின் இயல்பை நெடுநேரம் நோக்கி அறிந்ததே அவருடைய பெருஞ்செல்வம்.

கவனத்திற்கு

மார்பு, தோள், கண் ஆகியவற்றில் அறுவை செய்துகொண்டோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே கேமராவைத் தூக்குக. நுரையீரல் நோயுள்ளோரும் நோயெதிர்ப்பாற்றல் குறைந்தோரும் புறா எச்சம் படிந்த மாடங்களை அணுகலாகாது. அத்தூள் மூச்சுடன் கலந்து தீங்கு செய்யும். கேமரா வழியே கதிரவனை நேராக நோக்க வேண்டா. கூடுகளை நெருங்கவும் வேண்டா. மயில் நம் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. படத்திற்காக அதனை விரட்டிப் பறக்கச் செய்யாதிருப்போம். அது தானே எழும் வரை காத்திருப்போம்.