திருத்தணிப் பையனும் மிஷன் பள்ளிக்கூடமும்

1896-ஆம் ஆண்டு. ஜமீன் ஒன்றில் சிறிய வருவாய் உத்தியோகம் பார்த்துவந்த திருத்தணி சர்வபள்ளி வீராசாமி, எட்டு வயது மகனைத் திருப்பதிக்குப் படிக்க அனுப்பினார். சேர்த்தது ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில். ஹெர்மன்ஸ்பர்க் என்பது ஜெர்மனியின் ஹானோவர் பகுதியில் உள்ள சின்ன ஊர். அங்கே 1849-இல் தொடங்கிய மிஷன் கடல் தாண்டி, தெலுங்கு நாட்டில் பள்ளிகளும் சபைகளும் வைத்து, திருப்பதி வரை வந்திருந்தது. பிறந்த ஊரில் தணிகைமலை, படிக்கும் ஊரில் ஏழுமலை, வகுப்பறையில் பைபிள். இந்த மூன்றுக்கும் நடுவில் வளர்ந்தவர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன்.

நான் பொதட்டூர்பேட்டைக்காரன், நெசவாளி வீட்டுப் பிள்ளை. அரசுப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் திருத்தணி எட்டிவிடும் தூரம்தான். அதனால் செப்டம்பர் 5 வந்தால் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் அவர் 'நம்ம ஊர்க்காரர்'. மேடையில் அவர் வகித்த பதவிகளை வரிசையாகச் சொல்வார்கள். 1952-இல் துணைக் குடியரசுத் தலைவர், 1954-இல் பாரத ரத்னா, 1962-இல் குடியரசுத் தலைவர். அந்த வருஷம்தான், பிறந்த நாளைக் கொண்டாட வந்தவர்களிடம் அதை ஆசிரியர் தினமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் சரி. ஆனால் ஆசிரியர் தினத்துக்குக் காரணமானவருக்கு ஆசிரியர்கள் யார் என்று அந்த மேடைகளில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் மனக்குறை அது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

திருப்பதியில் 1900 வரை. பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி. அதை நடத்தியது அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆற்காடு மிஷன். ஸ்கடர் குடும்பத்து மருத்துவர்கள் வேலை செய்த மிஷன் அது. ஐடா ஸ்கடர் டாக்டராக வேலூருக்குத் திரும்பி வந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கியதும் அதே 1900-இல்தான். வேலூரில் படிக்கும்போதே ராதாகிருஷ்ணனுக்கு உறவில் சிவகாமுவோடு கல்யாணமும் ஆகிவிட்டது. 1904-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அப்போது அது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. ஆக எட்டு வயதிலிருந்து இருபது வயது வரை, தொடர்ந்து பன்னிரண்டு வருஷம், அவர் உட்கார்ந்ததெல்லாம் கிறிஸ்தவ மிஷன் பெஞ்சில். ஜெர்மானியர், அமெரிக்கர், ஸ்காட்லாந்துக்காரர் என்று மூன்று நாட்டு மிஷன். படிப்புச் செலவுக்கு உதவித்தொகை.

அந்த வகுப்பறைகள் எல்லாம் இதமாக இருந்தன என்று நான் சொல்லமாட்டேன். இந்துக்களின் நம்பிக்கையைக் குறைத்துப் பேசுவது அன்றைய மிஷனரிகள் பலருக்குக் கடமையாகவே இருந்தது. உலகம் மாயை என்று சொல்கிறீர்களே, அப்படியானால் நல்லது செய்தால் என்ன, கெட்டது செய்தால் என்ன? உங்கள் வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடம் எங்கே? இதுதான் அவர்கள் அடிக்கடி வீசிய கேள்வி. வீட்டில் சாமி கும்பிட்டுவிட்டு வந்த பையனுக்கு அது எப்படி வலித்திருக்கும்! அந்த விமர்சனங்கள் தன் நம்பிக்கையை ஆட்டிவிட்டதையும், தன்மானம் புண்பட்டதையும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். மாணவர்கள் விவேகானந்தரின் எழுத்துகளைக் கையால் படியெடுத்து, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிப் படித்த காலம் அது. அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

இப்படி அடி வாங்கிய பிள்ளைக்கு வழக்கமாக இரண்டு பாதைதான் தெரியும். சொந்த நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிடுவது ஒன்று, சொன்னவர் மேல் காலமெல்லாம் பகை வளர்ப்பது இன்னொன்று. ராதாகிருஷ்ணன் இரண்டிலும் போகவில்லை. அவர்கள் சொல்வதில் எது உண்மை, நம்மிடம் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று மூலத்தைத் திறந்து பார்க்க உட்கார்ந்தார்.

இதிலும் ஒரு தற்செயல் உண்டு. பட்டப்படிப்புக்கு என்ன பாடம் எடுப்பது என்று தெரியாமல் இருந்த நேரத்தில், பி.ஏ. முடித்த உறவினர் ஒருவர் தன்னுடைய பழைய பாடப்புத்தகங்களைக் கொடுத்தார். உளவியல், தர்க்கம், அறவியல். புத்தகம் கையில் இருக்கிறது, வாங்கும் செலவு மிச்சம். தத்துவம் எடுத்தார். புத்தகம் கொடுத்த அந்த அண்ணனை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரிலும் பத்தாவது முடித்த பையனின் புத்தகக் கட்டு, மறுநாளே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். ஸ்காட்லாந்துக்காரர், 1903-இல் சென்னைக்கு வந்தவர். கர்மக் கொள்கையைப் பற்றி அவரே தத்துவ விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம் எம்.ஏ. ஆய்வேடு கொடுக்க வேண்டும். ராதாகிருஷ்ணன் எடுத்துக்கொண்ட தலைப்பு, வேதாந்தத்தின் அறவியலும் அதன் தத்துவ அடிப்படைகளும். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று இத்தனை வருஷம் வகுப்பில் கேட்டதற்கு நேரடியான மறுப்பு அது. கேள்வி கேட்ட தரப்பின் மேசையிலேயே பதிலைக் கொண்டுபோய் வைக்கிறார் இருபது வயதுப் பையன். பேராசிரியருக்குக் கோபம் வருமோ என்ற பயம் இருந்திருக்கிறது.

ஹாக் கோபப்படவில்லை. சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாளும் திறமை இந்த மாணவனிடம் இருக்கிறது, தத்துவப் பிரச்சினையின் முக்கியப் பக்கங்களை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறான், ஆங்கிலமும் சராசரிக்கு மேலே என்ற கருத்தில் நற்சான்று எழுதிக் கொடுத்தார். ஆய்வேடு 1908-இல் புத்தகமாகவே வந்தது. விடைத்தாள் திருத்தியே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தன் கருத்துக்கு ஒத்துவராத விடைக்கு முழு மதிப்பெண் போடுவதுதான் வாத்தியார் வேலையிலேயே கஷ்டமானது. பேனா தானாக இரண்டு மதிப்பெண்ணைக் குறைக்கப் பார்க்கும். ஹாக் மதிப்பெண்ணில் கை வைத்திருந்தால் நமக்கு இந்த ராதாகிருஷ்ணன் கிடைத்திருப்பாரா என்று நான் யோசிப்பதுண்டு.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1909-இல் மாநிலக் கல்லூரியில் வேலை. மறுவருஷம் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். அங்கே உளவியல் வகுப்புக்கு வரவேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டு, சக மாணவர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிவிட்டார் பேராசிரியர். 1918-இல் மைசூர், 1921-இல் கல்கத்தா. மைசூரை விட்டுப் புறப்பட்டபோது மாணவர்கள் குதிரையை அவிழ்த்துவிட்டு, வண்டியை ரயில் நிலையம்வரை தாங்களே இழுத்துப் போனார்கள். 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டு மான்செஸ்டர் கல்லூரியில் இந்து வாழ்க்கை நெறியைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதுவும் கிறிஸ்தவ மரபில் வந்த கல்லூரிதான். இளமையில் வகுப்பில் கேட்ட கேள்விக்கு நாற்பது வயதை நெருங்கும்போதும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். 1936-இல் அதே ஆக்ஸ்ஃபோர்டில் கீழைச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர் பதவி.

ஹாக்கின் கதையும் அதோடு முடியவில்லை. அவர் பிறகு அந்தக் கல்லூரிக்கே முதல்வரானார். அவர் காலத்தில்தான் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. 1938 டிசம்பரில் அந்த வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஹாலந்துக்காரரான ஹென்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மற்றச் சமயங்களுக்கும் நடுவில் தொடர்ச்சியே கிடையாது என்று அடித்துப் பேசினார். ஹாக் அதை ஏற்கவில்லை. கிறிஸ்தவரல்லாதவர்களிடத்திலும் கடவுளோடு உயிருள்ள உறவு இருக்கமுடியும், அதைக் கண்டும் காணாததுபோல் மிஷனரி பேசக்கூடாது என்பது அவர் நிலை. முப்பத்தைந்து வருஷம் சென்னையில் இந்துப் பையன்களுக்குப் பாடம் நடத்திய மனிதரின் வாயிலிருந்து வந்த பேச்சு அது. திருத்தணிப் பையனின் ஆய்வேட்டைப் படித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்றுதான் என் மனசு சொல்கிறது. மாணவனை ஆசிரியர் வளர்த்ததுபோல ஆசிரியரை மாணவர்களும் வளர்த்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் புராட்டஸ்டன்ட் மிஷன்கள். கத்தோலிக்கக் கல்லூரி என்றால் இன்னொரு குடியரசுத் தலைவர் நினைவுக்கு வருவார். ராமேசுவரத்து அப்துல் கலாம் 1950-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். சேசு சபைக் குருக்கள் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரி அது. விடுதிக் காப்பாளர் செக்வேரா என்ற ஆங்கிலப் பேராசிரியர், பாதிரியார். ராத்திரி கையில் பைபிளோடு ஒவ்வொரு பையனையும் அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். தீபாவளியன்று, அவர் உத்தரவுப்படி எல்லா அறைக்கும் நல்லெண்ணெய் வந்துவிடும், எண்ணெய்க் குளியலுக்கு. இதைக் கலாமே எழுதியிருக்கிறார். முஸ்லிம் மாணவன் ஒருவன், கத்தோலிக்கப் பாதிரியார் இந்துப் பிள்ளைகளின் பண்டிகைக்கு எண்ணெய் கொடுத்ததை வயதான பிறகும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறான். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடும்.

1896-இல் எங்கள் ஊர் நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதவு எதுவும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராதாகிருஷ்ணன் ஏழைதான். ஆனால் படிப்பைப் பரம்பரையாகக் கண்ட குலம், புத்தகம் கொடுக்க பி.ஏ. படித்த உறவினர். எங்கள் முன்னோர் தறிக்குழியில் காலை விட்டவர்கள், எடுக்கவில்லை. தார் சுற்றத் தெரிந்த வயசு வந்தால் பிள்ளையும் வேலைக்காரன். எழுத்து எங்கள் பக்கம் வந்தது மெதுவாக, பல கைகள் வழியாக. குருவராயப்பேட்டையிலிருந்து ஊர் ஊராகப் போய்க் காசு வாங்காமல் தமிழ் சொல்லிக்கொடுத்த மங்கலங்கிழார் ஒரு கை. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததற்குப் பின்னால் அவரைப் போன்ற வாத்தியார்களின் உழைப்பும் இருக்கிறது. அரசுப் பள்ளியும் மதிய உணவும் இன்னொரு கை. கத்தோலிக்க விடுதிகள் வேறொரு கை. நான் அந்த மூன்றாவது கையைப் பிடித்து வந்தவன்.

எங்கள் விடுதியில் கத்தோலிக்கப் பையன்களுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நல்லொழுக்க வகுப்பு. ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போகணும் என்று காப்பாளர் ஃபாதர் முன்னால் போய் நின்றேன். வீட்டில் பூக்காவடி வேண்டுதல். அவர் லீவு நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "காவடி ஏன் எடுக்கிறீங்க தம்பி?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல எப்பவும் எடுப்பாங்க ஃபாதர்."

"அது தெரியுது. ஏன் எடுக்கிறாங்க? கேட்டுட்டு வந்து சொல்லு."

மலைப்படி ஏறும்போது ஆயாவிடம் கேட்டேன். "இத்தினி வருசமா யாரும் கேக்கலியேடா கண்ணு" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே ஆயா படிக்கு ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சூரனோடு சண்டை போட்ட முருகன் கோபம் ஆறுவதற்காக வந்து நின்ற மலை இது. அதனால்தான் கந்தசஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது திருத்தணியில் அது கிடையாது, சாமிக்குப் பூவைக் கொட்டுவார்கள். காவடியும் பூவாகத்தான் போகணும். திரும்பிப் போய் ஃபாதரிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அடுத்த வாரம் நல்லொழுக்க வகுப்பில் என்னையே பேசவும் சொன்னார். என் சாமியைப் பற்றி நான் முதல்முதலாக ஒழுங்காகத் தெரிந்துகொண்டது ஒரு பாதிரியார் கேட்டதால்.

இப்போது எங்கள் தெருவில் விசைத்தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே காலையில் பள்ளி வேன்கள் வரிசையாக வருகின்றன. ஜூன் மாதம் பிறந்தால் நெசவாளி வீட்டு அப்பாக்கள் என்னிடம் வந்து, "வாத்தியாரே, சிஸ்டருங்க ஸ்கூல்ல சேத்தா பையன் நம்ம சாமிய வுட்டுடுவானா?" என்று தணிந்த குரலில் கேட்பார்கள். நியாயமான கவலைதான். நான் முதலில் சட்டத்தைச் சொல்வேன். சிறுபான்மையினர் பள்ளி நடத்துவது அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு கொடுத்த உரிமை. அதேபோல, அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதியுதவி வாங்குகிற பள்ளி எதிலும், பெற்றவர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. அது 28-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு.

அப்புறம் சொல்வேன்: "ஏம்ப்பா, சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் சாயந்தரம் அங்க படிக்கிற பசங்ககிட்ட பேசிப் பாரு. கிளாஸ்ல எதிர்த்துக் கேள்வி கேட்டா டீச்சர் என்ன செய்றாங்கன்னு கேளு. கேட்டதுக்கு உட்காரச் சொல்லிட்டாங்கன்னு சொன்னா வேற ஸ்கூல் பாரு, அது யார் நடத்தற ஸ்கூலா இருந்தாலும் சரி. பதில் சொன்னாங்க, போய்ப் படிச்சுட்டு வரச் சொன்னாங்கன்னா, அன்னிக்கே ஃபீஸ் கட்டிடு."